கட்டை அண்ணன் இறக்கிய படகு

சக்கரம் வைத்த எதையும் நம்பாத மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தாலுகா ஆபீஸ் வாட்ச்மேன் கட்டை அண்ணன்.

அலங்காநல்லூர்ப் பக்கம் அவருடைய ஊர்த் தேரோட்டத்தில், சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுத் தேரை நிறுத்துகிற உரிமை அவர் குடும்பத்துக்கு. திருவிழா முடிந்தாலும் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கருவேலங்கட்டையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுதான் டியூட்டிக்கு வருவார். ஜீப் வந்து நின்றால் கட்டை. டீ வண்டி நின்றால் கட்டை. எதிர் வீட்டுக் குழந்தையின் நடைவண்டிக்கும் ஒருநாள் போட்டுவிட, பிள்ளை அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

ஆபீசர் அவசரமாகக் கிளம்புகிற அன்றுதான் ஜீப் உறுமும், நகராது.

"ஏண்ணே, வண்டின்னா ஓடத்தானண்ணே செய்யும்?" என்று டிரைவர் அழாத குறையாகக் கேட்பார்.

"ஓடட்டும்யா. நிக்கத் தெரியாத வண்டி எம்புட்டுத் தூரம் ஓடிரும்?"

அது எண்பதுகளின் தொடக்கம். வைகையில் தண்ணீர் வந்தாலே செய்தி என்றிருந்த காலத்தில், எங்கள் ஆபீசுக்கு ஒரு வெள்ள மீட்புப் படகு வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து அது ட்ரெயிலரை விட்டு இறங்கியதே இல்லை. வெயிலிலேயே காய்ந்து அடிப்பலகை வெடித்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கி, ஓட்டை அடைத்து, தார் பூச வேண்டும் என்று உத்தரவு.

திட்டம் ஆபீசருடையது. படகின் பின்பக்கத்தைக் கயிற்றால் பின்னால் நிற்கிற வேப்பமரத்தில் கட்டுவது. ஜீப் ட்ரெயிலரை மெல்ல முன்னால் இழுப்பது. படகு வழுக்கி, பரப்பி வைத்த வைக்கோல் மேல் உட்காருவது. கயிறு அவிழாமல் பார்த்துக்கொள்ளப் படகுக்குள் ஓர் ஒடிசலான ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நீச்சலும் தெரியாது. வைக்கோலுக்குப் பின்னால் தரை சரிந்துபோய், சுற்றுச்சுவர் இடிந்த கிணற்றில் முடிந்தது.

"யோவ் கட்டை, இன்னைக்குச் சக்கரம் உருண்டாத்தான் வேலை நடக்கும். அந்தப் பையில இருக்கிற கட்டையக் கொண்டுபோயி என் ரூம்ல வச்சிட்டு வா" என்றார் ஆபீசர்.

"வேணாங்கய்யா, கையி சும்மா இருக்காதுங்கய்யா."

"ஒருநாள் இருக்கட்டும்."

மேற்பார்வைக்காகத் தன் தேக்கு நாற்காலியை வெளியே போடச் சொல்லி ஆபீசர் உட்கார்ந்தார். பக்கத்தில் கட்டை அண்ணன் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஜீப் இழுத்தது. படகு பாதி வழுக்கியதும், பின்பாரம் தாங்காமல் ஜீப்பிலிருந்து கொக்கி எகிறிக் கழன்றது. கயிறு தொய்ந்துபோக, ட்ரெயிலர் என்னையும் சுமந்துகொண்டு பின்னால் கிணற்றைப் பார்த்து உருள ஆரம்பித்தது. பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் பெருந்தன்மையாக வழிவிட்டார்கள்.

"அண்ணே!" என்று அலறினேன்.

ஆபீசர் பதறி எழுந்ததுதான் தாமதம். கட்டை அண்ணன் நாற்காலியைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் விட்டெறிந்தார். தேக்கு நொறுங்கிற்று. ட்ரெயிலர் நின்றது. போன வேகத்தில் படகு மட்டும் வழுக்கி, கிணற்று விளிம்பை ஒட்டிச் சிதறியிருந்த கடைசி வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே கிணற்றுத் தண்ணீரில் என் முகம் தெரிந்தது.

"சாமியக் கும்புட்டுக்கங்கப்பா, தேரு நெலைக்கு வந்துருச்சு!" என்றார் அண்ணன்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இறங்கி ஓடி அவரைக் கட்டிக்கொண்டேன். ஆபீசர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"போயி உன் கட்டைய எடுத்துக்கய்யா. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

இன்றும் ஸ்கூட்டரை நிறுத்தினால், சமதரையானாலும், சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டுத்தான் நகர்வேன். நான் மறந்துபோகிற நாளில், என் மனைவி குனிந்து அந்தக் கல்லை வைத்துவிட்டு வருவாள்.