போகியன்று வந்த பொறியாளர்

சங்கத்தில் செயலாளர் பதவி தருகிறோம் என்று யாராவது சொன்னால் இன்றும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடுவேன். ஒரு தடவை பட்டது போதும்.

கடலூரை ஒட்டி, கரும்பு விளைந்த நிலத்தில் முளைத்தது எங்கள் நகர். எல்லோருமே பிழைப்புக்காக வந்தவர்கள். எனக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமம். எதிர்வீட்டு ஆரோக்கியசாமிக்குக் குறிஞ்சிப்பாடி. பக்கத்து வீட்டுப் பாய்க்கு லால்பேட்டை. வந்தோம், வீடு கட்டினோம், சங்கம் வைத்தோம். குடிதண்ணீர்க் குழாய் மட்டும் வரவில்லை. லாரித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி என் மனைவி கலாவுக்குத் தோள்வலியே நிரந்தரமாகிவிட்டது.

ஆறு மாதம் அலைந்து ஒரு பொறியாளரைச் சம்மதிக்க வைத்தேன். குழாய் இப்போதைக்கு ஒரு நகருக்குத்தான். எங்களுக்கா, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள நகருக்கா என்பதை, ஆள் குடியிருக்கும் வீடுகளை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். என்றைக்கு வரலாம் என்று கேட்டார். மற்ற நாட்களில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தீவிரமாக யோசித்து (அங்கதான் தப்பு) போகியன்று வரச் சொன்னேன். பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள்? எந்த ஊர் வீட்டில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை மொத்தமாகத் தட்டிக்கொண்டு போகும் ஆசையில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

போகியன்று மெயின்ரோட்டில் காத்திருந்து அவரை அழைத்து வந்தேன். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. வாசலுக்கு வாசல் பழம்பாய் எரித்த சாம்பல் மட்டும் கிடந்தது. ஆரோக்கியசாமி வீட்டிலும் பூட்டு. பாய் கட்டாயம் இருப்பார், அவருக்குப் பொங்கல் கிடையாது என்று தைரியமாகச் சொல்லி அங்கே கூட்டிப்போனேன். நாலு நாள் பால் வேண்டாம் என்று பால்காரருக்கு எழுதிய சீட்டு கதவில் தொங்கியது. (லீவுக்கு மதமா இருக்கு?)

"என்ன சார், ஒருத்தருமே குடி வரலியா?" என்றார் பொறியாளர்.

"எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க சார்."

"அப்ப இது ஊரு இல்லியா?"

வெயில் ஏறியிருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அதையாவது ஒழுங்காகச் செய்வோமென்று என் வீட்டுக்கு அழைத்துப்போனேன். அங்கேயும் பூட்டு. கலா பிள்ளைகளோடு முன்னால் கிளம்புவாள், வேலை முடிந்ததும் நான் போவேன் என்றுதான் பேச்சு. சாவியைப் பற்றி இருவருமே பேசவில்லை. போன் செய்தேன்.

"நாங்க புதுச்சத்திரம் தாண்டிட்டோம். சாவி எங்கிட்டதான் இருக்குது. நீங்க எப்டியும் ஊருக்குத்தானே வரப் போறீங்க?"

பொறியாளர் ஜீப்பில் ஏறினார். பின்சீட்டில் அவருடைய பெட்டியும் ஒரு கட்டுக் கரும்பும் இருந்தன. அவரும் ஊருக்குத்தான் போகிறார் போலும்.

குழாய் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. எங்களுக்கு வர மேலும் இரண்டு வருடம் ஆனது. அதுவரை கலா குடம் தூக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பொங்கல் முடிந்து எல்லோரும் திரும்பியதுமே சங்கம் கூடியது. இனி பொங்கலுக்கு ஒருவராவது நகரில் இருந்தே ஆகவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் மட்டும் சங்க வரலாற்றிலேயே முதல்முறையாகக் கருத்து வேறுபாடு எழவில்லை. குழாய் வந்த பிறகும் தீர்மானத்தை வாபஸ் வாங்க யாருக்கும் மனசு வரவில்லை.

இந்தப் போகிக்கும் கலா பஸ்ஸில் இருந்து போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சாவி உங்ககிட்டதானே இருக்குது? யாரு வந்தாலும் மொதல்ல தண்ணி குடுங்க."