பத்திலக்கத்தாரும் பிரிக்காத உறையும்

தான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்று அடித்துச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் கடுகடுத்துப்போகும் பிராணி ஒன்று உலகத்தில் உண்டு. அரசியல்வாதி என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது குவாண்டம் இயற்பியல் பேராசிரியரை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பத்திலக்கத்தார். "கணக்கும் கருவியும் புள்ளிக்கு அப்புறம் பத்து இலக்கம் வரைக்கும் ஒத்துப்போகுது! வேற எதுல இருக்கு இந்தத் துல்லியம்?" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது மேசையைத் தட்டுவார். சரி, அளப்பதற்கு முன்னால் அந்த எலக்ட்ரான் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். மலர்ந்த முகம் சுருங்கும், கரும்பலகைப் பக்கம் திரும்புவார், துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், "அது பரீட்சைக்கு வராது" என்பார். முப்பது வருஷமாக வரவில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவரே அவர்தானே!

ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் வேறு பேச்சு. "அளக்கிற வரைக்கும் எதுவும் முடிவாகலையாம். அப்போ நான் எட்டிப் பார்க்கிற வரைக்கும் என் ஸ்கூட்டர் எங்கயும் இல்லையா? சுத்தப் பேத்தல்!" மணி அடித்ததும் எழுந்துபோய் அதே பேத்தலை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்துவார். குறை சொல்ல வழியே இல்லாத மருமகன்மேல் மாமனாருக்கு வரும் எரிச்சல் அது.

இப்படி இருக்கையில், மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவிக்கு இரண்டு மாதமாகத் தலைவலி, கூடவே கிறுகிறுப்பு. மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"ஏங்க, இந்த மெஷின் தலைக்குள்ள இருக்கிறதை எப்படிங்க பார்க்குது?"

விடுவாரா? "உடம்புத் தண்ணியில இருக்கிற ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஒரு சுழற்சி இருக்கு..."

"நிஜமாவே சுத்துதா?"

"சுத்தல."

"பின்ன?"

"சும்மா அப்படி ஒரு பேர். ஆனா கணக்கு சரியா வரும்."

"என்னன்னே தெரியாததுக்குள்ள என் தலையை விடச் சொல்றீங்க!" தோடுகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை அவர்தான் போய் அறிக்கையை வாங்கினார். ஒட்டிய உறை. வீட்டுக்கு வந்தவர், "இன்னும் ரெடியாகலையாம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அதை விடைத்தாள் கட்டுக்கு நடுவில் செருகினார். படம் எடுத்தாகிவிட்டது, பார்த்தவர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உறையைப் பிரிப்பதால் உள்ளே ஓர் எழுத்தும் மாறாது என்பது அவருக்கா தெரியாது? ஆனாலும் கட்டைத் தொடவில்லை. எந்தக் கொள்கையைப் பேத்தல் என்றாரோ அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டார் மனிதர். மனைவி இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவளே ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்தாள்; அறிக்கையை அன்றைக்கே அவரிடம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். பிறகு வந்து கையை நீட்டினாள்.

"டாக்டர் முன்னாடியே பிரிக்கலாமே," என்று இழுத்தார். "பிரிக்கிற வரைக்கும் ஒண்ணும் முடிவாகலல்ல?"

"யாருக்கு முடிவாகல? வலிக்கிறது என் தலை."

கட்டிலிருந்து அவர் உருவிக் கொடுத்த உறையைப் பிரித்தாள். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண், வேகமாக ஓடியது. சிறு கட்டி, ஆபத்தில்லாத வகையாகத் தெரிகிறது, தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்கவும். 'தாமதிக்காமல்' என்பதை மட்டும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பத்திலக்கத்தார் அழுதுவிட்டார்.

"அதை அப்புறம் வெச்சுக்கலாம். சட்டையை மாட்டுங்க," என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மனிதரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். அந்த எலக்ட்ரான் கேள்வி இன்னும் பரீட்சைக்கு வரவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வருஷம் மருத்துவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த பரிசோதனைச் சீட்டு எங்கே? அவராவது மூன்றே நாள்தான் ஒளித்து வைத்தார்; அதற்கும் இயற்பியலைச் சாக்குச் சொல்லலாம். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?