ராட்டினம் கண்டக்டரின் காது

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்களில், வண்டியைவிட அதிகத் தூரம் போன கண்டக்டர் ராட்டினம் ஒருவர்தான். வண்டி நேராகப் போகும். அவர் உள்ளே சுற்றிக்கொண்டே போவார்.

யாராவது வாயைத் திறந்தால் ஓடிப்போய் அவர்கள் முன்னால் நிற்பார். முகம் நிழலில் இருந்தால் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார். வெற்றிலை அடைத்த வாயோடு ஊர் பெயர் சொன்னால், "துப்பிட்டு சொல்லுங்க, வண்டி நிக்கும்" என்று விசிலே ஊதிவிடுவார். உதட்டை மூடும் மீசைக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பிறகு ராட்டினம் என்று பெயர் வைக்காமல் என்ன செய்வார்கள்? எண்பதுகளின் நடுவில் செய்திக்காக அந்த வண்டியில் அலைந்த எனக்கு, அவருடைய உண்மைப் பெயர் கடைசிவரை தெரியாது.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சிக்கலே அந்தக் 'கொஞ்சம்'தான். முழுச் செவிடு என்றால் ஊர் பரிதாபப்பட்டிருக்கும். விக்கிரவாண்டி டீக்கடையில் எஞ்சினை நிறுத்தியதும், கடைசி சீட்டில் ஒருவர் "இவன் ஆக்டிங் குடுக்கறான்டா" என்று முணுமுணுத்தால், படிக்கட்டிலிருந்து பதில் வரும்: "அப்ப சினிமாவுல சேத்து உடுங்கண்ணே!" வண்டி கிளம்பிய பிறகு அதே ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் ராட்டினம் திரும்பமாட்டார். காரியச் செவிடு என்று அந்த ரூட்டே தீர்ப்பு சொல்லிவிட்டது.

விக்கிரவாண்டியில் இறங்க வேண்டிய ஒருவர் கத்திக்கொண்டே கூட்டேரிப்பட்டு வரை போய்ச் சேர்ந்தார். புகார் முதலாளியிடம் போனது. பத்திரிகைக்கு விளம்பரம் கேட்டு நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் விசாரணை. கரண்ட் இல்லை, ஈ பறந்தாலும் கேட்கும். முதலாளி ராட்டினத்தின் முதுகுக்குப் பின்னால் போய்க் கிசுகிசுத்தார்.

"உன் வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புங்க மொதலாளி."

"காது நல்லாத்தான் கேக்குது. அப்ப திமிரு."

"சத்தம் இல்லாதப்ப கேக்குதுங்க. வண்டி ஓடுறப்ப கொரலு கேக்குது, பேச்சு பிரியல. அதான் பேஜாரு."

"பாதிச் செவிடுன்னு ஒண்ணு கெடையாதுய்யா. ஒண்ணு கேக்கணும், இல்ல கேக்கக்கூடாது. நாளைக்கி நானே வண்டியில வர்றேன். ஓடுறப்ப பின்னாலேந்து கூப்புடுவேன். திரும்பலன்னா பையக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ."

செவிடு என்றால் வேலைக்கு லாயக்கில்லை. கேட்கிறது என்றால் திமிர். எந்தப் பக்கம் போனாலும் வேலை காலி. ராட்டினம் வெளியே வந்து, என்னை ஒரு சுற்றுச் சுற்றி எதிரே நின்றார்.

"பொறந்தது எல்லாம் பொண்ணுங்க சார்" என்றார்.

மறுநாள் வண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் ஆளுமாக நெருக்கடி. கடைசி சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த முதலாளி, கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஆரம்பித்தார்.

"கண்டக்டர்!"

திரும்பவில்லை.

"யோவ், ராட்டினம்!"

ராட்டினம் முன் படியருகே ஒரு பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி எழுந்து நின்று ஒரு கத்து கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியா திமிர!" என்று அடுத்த சீட்டில் இருந்த என்னிடம் உறுமினார்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற கத்தரிக்காய்க்காரம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னாயா மனுசன் நீ? கூடை மேலேந்து காலை எடு, காலை எடுன்னு அப்பலேந்து கத்திக்கினு கீறேன். கத்திரிக்கா எல்லாம் நசுங்கிப் போச்சி. காதுல வுழாத மாதிரி நிக்கறியே, இன்னா திமிரு உனக்கு!"

"எனக்குக் கேக்கலம்மா... எஞ்சின் சத்தம்."

"அப்ப கண்டக்டருக்கு மட்டும் வேற எஞ்சினா ஓடுது?"

பஸ்ஸே சிரித்தது. முதலாளி காலை எடுத்தார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் நேராக ராட்டினத்திடம் போய், காதோடு வாயை வைத்து, "நாளைக்கும் வா!" என்று அலறினார். பஸ் ஸ்டாண்டு காக்கைகள் எழுந்து பறந்தன. ராட்டினம் காதைத் தேய்த்துக்கொண்டு பின்வாங்கினார்.

"கத்துனா பேச்சு ஒடைஞ்சி போவுதுங்க மொதலாளி. முன்னால நின்னு மெதுவா சொல்லுங்க."

முதலாளி எதிரே வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ராட்டினம் தோளிலிருந்து பையைக் கழற்றவில்லை.

அடுத்த நாள் திண்டிவனத்தில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. ஆனாலும் காலை வண்டியில் ஏறி, ராட்டினத்தின் எதிரே நின்று, மெதுவாக, "ஒரு திண்டிவனம்" என்றேன்.