வேலியோர நிபுணர்

ஓட்டம் தொடங்குமுன்பே முடிவைச் சொல்லிவிடும் ஓர் இனம் உண்டு. வேலியோர நிபுணர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். குதிரையைத் தொட்டிருக்கவே மாட்டார். தொட்டவனை நிம்மதியாக இருக்கவும் விடமாட்டார்.

ஜெர்மனியில் வுப்பர்டால் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், கோதுமை அறுத்த வயலில், வண்டி இழுக்கும் தடித்த குதிரைகளை வருடத்துக்கு ஒருமுறை ஓடவிடுவார்கள். நம்மவர்களும் எசன் நகரிலிருந்து புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே வேலியைப் பிடித்தபடி நிற்பவர்தான் மகேந்திரராஜா அண்ணை. காதைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், குதிரை லத்தி போட்டால் அதையும் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார், பிறகு அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்த விவசாயி எமிலிடமே போய் அதற்கு என்ன தீனி வைக்கவேண்டும் என்று விளக்குவார். எமில் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். குதிரை கேட்காது.

இந்த வருடம் எமிலின் குதிரையில் ஏறியது அண்ணையின் மகள் சிவப்பிரியா. எமிலின் பண்ணையில்தான் தொழில் பழகுகிறாள். “படிச்ச பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, தன் முதல் ஓட்டத்தையாவது பார்க்கவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வெற்றியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

“அப்பா, ஒருத்தரோடையும் கதைக்காமல் என்னைப் பாருங்கோ.”

“ஓம் பிள்ளை. அதுக்குத்தானே வந்தனான்.”

கொடி விழுந்தது. அந்த நேரம் பார்த்தா டோர்ட்மண்டிலிருந்து வந்திருந்த ஜெசிந்தன் வாயைத் திறக்கவேண்டும்?

“அண்ணை, எது வெல்லும்?”

போச்சு! அண்ணை வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

“மகள் ஏறினாலும் உண்மையைச் சொல்லத்தானே வேணும். எமிலின்ரை குதிரையாலை ஏலாது. அதின்ரை காதைப் பாத்தனியோ…”

காதிலிருந்து வாலுக்கு வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. வென்றது எமிலின் குதிரை. அண்ணையின் மனைவி புஸ்பவதி அக்கா அழுதுகொண்டே கைதட்டினார். சிவப்பிரியா புழுதி முகத்தோடு ஓடிவந்தாள்.

“அப்பா, பாத்தனீங்களோ?”

“பாக்காமல்? நல்லா ஓடினனீ. வளைவிலை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கலாம்.”

“இதிலை வளைவே இல்லையப்பா. நேரா ஓடுறதுதான்.”

சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்கு அண்ணை மேல் கோபம் கோபமாக வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன விழாவில் உங்கள் பிள்ளை மேடையில் ஆடியபோது, மண்டபத்து ஒலிபெருக்கியில் என்ன கோளாறு என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தது யார்? சரி, அதை விடுங்கள். பிள்ளை எந்தப் பாட்டுக்கு ஆடினாள்? சொல்லுங்கள், பார்ப்போம்.