பெட்டிக்குள் இருந்த மல்லாட்டைச் செடி

இயேசு மரி சூசை துணை

வளவனூர்,
சனிக்கிழமை

அன்புள்ள ஆரோக்கியராஜ் அண்ணனுக்கு,

தங்கை ஜெசிந்தா எழுதுவது. இங்கே நானும் அவரும் பாப்பா தமிழ்மொழியும் உடம்பளவில் சுகம். மனசளவில் சுகமில்லாதது நான் ஒருத்திதான், அதற்குத்தான் இந்தக் கடிதம். திண்டிவனத்தில் நீங்களும் அம்சா அண்ணியும் நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று பாப்பா பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் படித்ததையெல்லாம் ஆடியும் வரைந்தும் செய்தும் காட்டுகிற விழா. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. பெரிய டீச்சர். மூன்றாம் வகுப்பு கலைப்பிரியா டீச்சர். திண்டிவனத்திலிருந்து பார்வையிட வந்த அரங்கநாதன் சார். பிள்ளைகள் நாற்பத்தொன்று, இரண்டு பேருக்கு அம்மை. தாய்மார் இருபத்தாறு. தகப்பன்மார் நாலு, அதில் ஒருத்தர் மைக் செட்காரர். தாய்மாரில் பக்கத்து வீட்டு ரோஜாக்காவும் நானும் அடக்கம். அவருக்கு டூட்டி, வரவில்லை.

பாப்பாவுக்குக் கொடுத்தது அறிவியல். இரண்டு தயிர் டப்பாவில் மல்லாட்டை (டீச்சர் பாஷையில் வேர்க்கடலை) போட வேண்டும், ஒன்றை வெயிலில் வைக்க வேண்டும், இன்னொன்றைச் செருப்புப் பெட்டியால் மூடி இருட்டில் வைக்க வேண்டும், தண்ணீர் மட்டும் ஊற்றலாம். இருபது நாள் போனால் வெயில் செடி பச்சையாக இருக்கும், இருட்டுச் செடி வெளுத்து நோஞ்சானாக இருக்கும், அதுதான் பாடம். நன்றாகச் செய்கிற பிள்ளையைத் திண்டிவனம் கண்காட்சிக்கு அனுப்புவார்கள் என்றதும், மாமா வீட்டில் தங்கப் போகிறேன் என்று பாப்பா அன்றைக்கே கவுனை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முளைத்து மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கினேன். மூன்றாம் நாள் என்று நான் கணக்குப் பார்த்துத் தூக்கவில்லை அண்ணே, அப்படி அமைந்தது. உள்ளே அந்தச் செடி வெள்ளைக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பெட்டியில் இருக்கிற ஊசித் துவாரத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. தவக்காலத்தில் ஒரு உயிரை இப்படி அடைத்துப் போட்டுவிட்டு நான் எந்த வாயால் சிலுவைப்பாதை சொல்வது? வேன் எட்டு நாற்பதுக்குப் போகும், எட்டு நாற்பத்திரண்டுக்கு அதைக் குழாயடி வெயிலில் வைப்பேன். வேன் நாலரைக்கு வரும், நாலு இருபதுக்குப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றினேன், செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபமும் சொன்னேன். வாடட்டும், ஆனால் செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். வெயில் செடிக்குத்தான் வெயில் இருக்கிறதே என்று அதை நான் கண்டுகொள்ளவில்லை. வியாழக்கிழமை ரோஜாக்காவின் ஆடு அதை மேய்ந்து இரண்டு இலையை மட்டும் மிச்சம் வைத்தது.

விழாவில் முதலில் ஆட்டம், பிறகு ஓவியம், பிறகு பாப்பா. எனக்கு ஒருசந்தி வேறு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பாப்பா மனப்பாடம் பண்ணியதைக் கணீரென்று சொன்னாள். "வெளிச்சம் படாத செடி வெளுத்து வாடியிருப்பதை இப்போது காணலாம்." பெட்டியைத் தூக்கினாள். உள்ளே செடி கீரைப்பாத்தி மாதிரி தளதளவென்று நிற்கிறது, மொட்டுகூட ஒன்று விட்டிருக்கிறது. பக்கத்தில் வெயில் செடி ஆட்டுக்கு மிஞ்சிய இரண்டு இலையோடு நிற்கிறது.

"இன்னாமே இது, இருட்டுல வெச்சதுதான் கொழுகொழுன்னு கீது. எங்க ஊட்டுப் பொண்ணையும் பெட்டிக்குள்ள போட்டு வெக்கலாம் போல" என்று ரோஜாக்காதான் ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ செடிக்கு வெயிலே தேவையில்லன்னு கண்டுபிடிச்சிட்டியாம்மா?" என்றார் அரங்கநாதன் சார்.

"யாருடி இதை வெளிய எடுத்தது?" என்றார் கலைப்பிரியா டீச்சர்.

"நான் எடுக்கல மிஸ்."

"அப்போ செடியே நடந்து போச்சா?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயில் படத்தைப் பார்த்து, தூண் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்ற இராயப்பராவது கேட்ட பிறகுதான் மறுத்தார், என்னை யாரும் கேட்கவேயில்லை, அப்படியும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது சேவல் கூவவில்லை, அந்த ஆடுதான் கத்தியது.

அரங்கநாதன் சார் நல்லவர். "இன்னும் மூணு வாரம் டைம் இருக்கு, மறுபடி பண்ணிக்கினு வரட்டும்" என்றார். ஆனால் டீச்சர், யார் எடுத்தது என்று உண்மையைச் சொன்னால்தான் பெயரை அனுப்புவேன் என்கிறார், அடுத்த வெள்ளிக்கிழமை வரை தவணை. பாப்பா ராத்திரி இரண்டு வாய்தான் சாப்பிட்டாள், மடித்த கவுனை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே பேஜாராக இருக்கிறது. நான்தான் என்று சொன்னால் பெற்ற தாயே கெடுத்தாள் என்று ஆயுசுக்கும் நினைப்பாள், சொல்லாவிட்டால் பெயர் போகும். நான் ஐந்தாவதோடு நின்றவள், மீதி எழுத்தெல்லாம் கோயில் பாட்டுப் புத்தகத்தில் கற்றது. நீங்கள் பத்தாவது வரை போனவர். சொல்லலாமா, வேண்டாமா? போனில் பேச வேண்டாம், பாப்பாதான் எடுப்பாள்.

உங்கள் இருவருக்கும் மாதா துணையிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை ஜெசிந்தா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பாப்பா பையைத் துடைக்க எடுத்தேன், செடி நோட்டு இருந்தது. அதில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

"புதன். டப்பா அடியில் குழாயடிச் சேறு. அம்மா வெளியே எடுக்கிறார்கள்."

"வியாழன். இலை ஆறு. மறுபடியும் சேறு."

இப்படியே ஏழு பள்ளிக்கூட நாள், ஒரு நாள்கூட விடவில்லை. கடைசிப் பக்கத்தில், "முடிவு: வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வாடும். இந்தச் சோதனையை எங்கள் வீட்டில் செய்ய முடியாது."

"தெரிஞ்சிக்கினே ஏண்டி டீச்சர்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உன்னையும் முட்டி போட வெப்பாங்க" என்கிறாள்.

ஆகையால் மேலே கேட்டதற்குப் பதில் வேண்டாம், திங்கட்கிழமை நானே போய் டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன். இப்போது கேட்பது வேறு. புதுப் பெட்டியை உங்கள் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று பாப்பா சொல்கிறாள். அம்சா அண்ணி இரக்கப்படுகிறவரா என்று முதலில் விசாரிக்கச் சொன்னாள். இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.