பத்து நானோ செகண்டும் ஒரு பூட்டும்

குருபோங், மலாக்கா.
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, விடியுமுன்.

லூபோக் சீனாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சன்னாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்தாயியின் புருஷன் சேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகன் தினேஷ்வரனும் மருமகள் அகல்யாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க முருகனை வேண்டுகிறேன். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்சாப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் இந்த வயதில் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று தபால்தலை வாங்கினேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முத்தாயியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. அவள் கடைசியாகப் படுத்திருந்த அறை, அதாவது கல்யாணமான நாளிலிருந்து நானும் படுத்து எழுந்த அறை, பூட்டிக் கிடக்கிறது. சாவி உங்களிடம். அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு, அந்த அறையைத் திறக்கக் கூடாது, மீறினால் இன்னொரு உயிரைக் கொண்டுபோகும் என்று சொன்னீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை, பேசவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் பூட்டிய அவசரத்தில் என் பல்செட் உள்ளே கிண்ணத்தில் மாட்டிக்கொண்டது. பதினாறாம் நாள் பந்தியில் எல்லோரும் வடை பாயசத்தோடு சாப்பிட, நான் ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்தேன். வேட்டியும் உள்ளே, கண்ணாடியும் உள்ளே. கோயிலுக்குத் தினேஷ்வரனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன், இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி சாமி கும்பிடுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் மருமகப்பிள்ளை தினேஷ்வரன்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மத்தியானம் டாக்டர் வந்து இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, நீங்கள் பழனிக்குப் போனபோது வாங்கி வந்த பஞ்சாங்கத்தைப் பையிலிருந்து எடுத்தீர்கள். திருவோணம் பகல் மூன்று பன்னிரண்டு வரை, பிறகு அவிட்டம். "திருவோணத்துல போயிட்டா ஒரு தோஷமும் இல்ல. மூணு பன்னெண்டு தாண்டிடுச்சுன்னா கஷ்டம்லா" என்று என் காதோடு சொன்னீர்கள். காதோடு சொன்னாலும் உங்கள் குரல் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். அந்த நிமிடத்திலிருந்து அறையில் இருந்த அத்தனை பேரும், தினேஷ்வரன் கம்பெனி விருந்தில் குலுக்கலில் அடித்துக்கொண்டு வந்த சிவப்பு எண் கடிகாரத்தையே பார்த்தோம். அகல்யாவின் கை முத்தாயியின் நெஞ்சில், கண் சுவரில். மூன்று பதினொன்று மூன்று பன்னிரண்டாக மாறியதும் அகல்யா, "மாமா, நின்னுடுச்சு" என்று கத்தியதும் ஒன்றாக நடந்தது.

பதினொன்றா பன்னிரண்டா என்று நீங்கள் கேட்டீர்கள். அத்தோடு தினேஷ்வரன் வாயை மூடிக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லி ஐயரை வைத்துச் சமாளித்திருப்போம். நுணலும் தன் வாயால் கெடும். செங் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பிள்ளை, அம்மா போன அழுகையிலும் கணக்கை விடவில்லை. "மாமா, நம்ம பார்க்கிறதுக்கு முன்னாலேயே கடிகாரம் மாறிடுச்சு. வெளிச்சம் ஒரு அடி வர்றதுக்கு ஒரு நானோ செகண்ட் ஆகும். கடிகாரம் பத்து அடியில இருக்கு. பத்து நானோ செகண்ட்தான் தாண்டியிருக்கு" என்றான். தாண்டியிருக்கு என்ற ஒரு சொல் போதாதா உங்களுக்கு? உங்கள் முகம் கறுத்துவிட்டது.

பயப்படாதீங்க மாமா என்று அவன் அதைச் சின்னதாக்கிக் காட்டப் போனான். பஞ்சாங்கக் கணக்கில் ஆகச் சின்னது தற்பரை என்று நீங்கள் சொன்னீர்கள். அது அரை நொடிகூட இல்லை. அவன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்து நானோன்னா ஒரு தற்பரையை நாலு கோடியாப் பிரிச்சு அதுல ஒண்ணு" என்றான். உங்கள் காதில் நாலு கோடி மட்டும் விழுந்தது. "அலாமாக், நாலு கோடியா!" என்று தலையில் கை வைத்தீர்கள். சரி, இது புரியவில்லை போலிருக்கிறது என்று அவன் பீக்கோ செகண்டுக்கு மாற்றினான். "பத்தாயிரம் பீக்கோ மாமா, அவ்வளவுதான்." "இப்பத்தானே பத்துன்ன? அதுக்குள்ள பத்தாயிரமா? ஏறிக்கிட்டே போகுதேடா!" என்று நீங்கள் அலற, அவன் இன்னும் சின்னதாக ஃபெம்டோ என்று ஒன்றைத் தொடங்க, ஒரு கோடி என்று அவன் வாயிலிருந்து வருவதற்குள் பூட்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டீர்கள்.

மச்சான், பல்செட் போனால் போகட்டும். நான் கேட்பது வேறு. அவள் தலையணை உள்ளே இருக்கிறது. கோடாலித் தைலம் தேய்க்காமல் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. நான் எத்தனையோ நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். இப்போது ஹாலில் சோபாவில் படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தேன், தூசிதான் வந்தது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் அந்த வாசம் இருக்காது. ஒரே ஒரு மணி நேரத்துக்குச் சாவியைக் கொடுங்கள். தோஷம் என்னைக் கொண்டுபோனால் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. முடியாது என்றாலும் பெரியவர் வார்த்தைக்குக் கட்டுப்படுகிறேன். நீங்கள் சொன்னபடி தினமும் பஞ்சாங்கத்தில் போட்ட சூரிய உதயத்துக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் விளக்கேற்றி வருகிறேன். இதோ, இப்போதும் அதற்குத்தான் எழுந்திருக்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முருகன் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
சேகரன்.

பின்குறிப்பு: சாவி வேண்டாம். பஞ்சாங்கத்தில் போட்டபடி ஆறு இருபதுக்கு விளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். கும்மிருட்டு. சூரியனைக் கும்பிடலாம் என்று நின்றேன், ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் வந்தது. மலாக்காவில் என்றைக்கு மச்சான் ஆறு இருபதுக்குச் சூரியன் வந்திருக்கிறது? உங்கள் பஞ்சாங்கம் இந்தியா நேரம். சூரியன் ஊருக்கு ஊர் மாறும், நட்சத்திரம் பிறக்கிற நேரத்துக்கு நாம் இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். நம் ஊரில் அன்றைக்கு அவிட்டம் பிறந்தது ஐந்து நாற்பத்திரண்டுக்கு. முத்தாயி நல்ல திருவோணத்தில்தான் போயிருக்கிறாள். சுத்தியலால் பூட்டை உடைத்துவிட்டேன், தலையணை மடியில் இருக்கிறது, தைல வாசமும் கொஞ்சம் இருக்கிறது. கடைசியில் அவள் கண்ணைத் திறந்தாளா என்று அகல்யாவைக் கேட்டேன், தெரியவில்லை என்றாள். தினேஷ்வரனுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது மச்சான், நாம் யாருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.