ஜட்டி எலாஸ்டிக்கும் மாமனாரின் வெந்நீரும்

மாமனாருக்கு ஒரு வாளி வெந்நீர் வைப்பது பெரிய காரியமா என்று கேட்பவர்கள், பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருந்ததில்லை. நான் இருந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூர் வீரபாண்டியில், கல்யாணமான புதிதில்.

சுவரைத் தொட்டாலே கரண்ட் சுள்ளென்று இழுக்கும் வீடு. முன்பக்கம் வீட்டுக்காரரின் தையல் யூனிட், பின்பக்கம் நாங்கள். இரண்டுக்கும் ஒரே லைன். அங்கே மெஷின்கள் ஓடினால் இங்கே பல்பு கண்ணடிக்கும். (அதையும் ரசித்த வயசு அது.)

ஒரு சனிக்கிழமை குண்டடத்திலிருந்து மாமனார் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இந்த ஊட்ல மனுசன் இருப்பானுங்களா? பேசாம ரெண்டு பேரும் நம்மூருக்கே வந்துருங்க. தோட்டத்தப் பாத்துக்கலாம்."

வீட்டோடு மாப்பிள்ளை! அதுவும் பனியன் கம்பெனி சூப்பர்வைசரான நான்!

"இங்க எல்லா வசதியும் இருக்குங்க மாமா. நீங்க எண்ணெ தேச்சுட்டு உக்காருங்க. சுவிச்சப் போட்டா சுடுதண்ணி" என்று வாயை விட்டேன்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் புதிதாக வாங்கியிருந்தேன். அதன் வயர் பிளக் வரை எட்டவில்லை. பழைய வயர் ஒன்றை முறுக்கி இணைத்தேன். ஒட்டும் டேப் இல்லை. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஜட்டி எலாஸ்டிக் கிடந்தது. எலாஸ்டிக்குக்குள் இருப்பது ரப்பர், ரப்பரில் கரண்ட் பாயாது. என் விஞ்ஞானம் அவ்வளவுதான். நன்றாக இழுத்துச் சுற்றி முடிச்சும் போட்டேன். (ஏற்றுமதித் தரம்.)

மாமனார் கோவணத்தோடு, உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிய, குளியலறையில் உட்கார்ந்தார். ஹீட்டரை வாளிக்குள் விட்டு சுவிச்சைப் போட்டேன். சற்று நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். அப்புறம் புகை. அப்புறம் 'டப்'!

"அய்யோ அம்மிணீ!" என்று அலறியபடி மாமனார் வாசலுக்குப் பாய்ந்தார். ஃபியூஸ் போனதில் மெஷின்களும் நின்றுவிட, என்ன ஆச்சென்று பார்க்கத் தையல்காரப் பெண்கள் அத்தனை பேரும் அதே வாசலுக்கு வந்திருந்தார்கள். (இதற்குமேல் சொன்னால் பாவம்.)

என் மனைவி சரஸ்வதி வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதைச் சுற்றிக்கொண்டு மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

"துணிமணிய எடு அம்மிணி. ஊருக்குப் போலாம். மாப்ள வந்தா வரட்டும்."

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். கருகிய எலாஸ்டிக்கும் கையுமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வர்லீங்கப்பா. இவரத் தனியா உட்டா ஊட்டயே கொளுத்திப்போடுவாருங்க."

அதைவிட அன்பான வார்த்தையை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. அவள் ஸ்டவ்வில் காய்ச்சிய தண்ணீரில் எண்ணெயைப் போக்கிக்கொண்டு மாமனார் சாயங்காலம் தனியாகவே பஸ் ஏறினார்.

அதன்பின் எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே, "நான் குளிச்சுட்டுத்தானுங்க வந்தேன் மாப்ள" என்று அறிவித்துவிடுவார். இப்போது சொந்த வீடு, மாடியில் சோலார் ஹீட்டர். குளிக்கத்தான் அவர் இல்லை. நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

என் மகளின் தலை தீபாவளிக்கு, விடியக்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு மாப்பிள்ளையை வரவேற்கக் காத்திருந்தேன். கார் வந்து நின்றது. இறங்கியவர் கேட்டருகிலேயே நின்று கும்பிட்டார்.

"மாமா, நான் குளிச்சுட்டே வந்துட்டனுங்க!"

பின்னால் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.